இடாப்பில் ஒரு பெயர்

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு,

நான் உங்களுக்குப் படிப்பித்த ரீச்சர் இல்லை. மேடையில் பேசிப் பழகியவளும் இல்லை. முப்பது வருடம் வலிகாமத்தில் கிராம அலுவலராக இருந்தேன், ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. ஊரில் இப்போதும் விதானையம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உங்களைப் போன்ற எத்தனையோ பிள்ளைகள் என் மேசைக்கு முன்னால் வளர்ந்தார்கள். முதலாம் வகுப்பில் சேர வதிவிடச் சான்றிதழ் கேட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு வருவார்கள். படத்தில் தலைமயிர் சரியாக விழவில்லை என்று முகத்தைச் சுளிப்பார்கள். அடுத்த முறை வருவது நற்சான்றுப் பத்திரத்துக்கு. அதன்பிறகு அவர்கள் வருவதில்லை. நான்தான் அவர்கள் வீட்டுக்குப் போவேன், வாக்காளர் இடாப்புக்கான பி.சி. படிவத்தோடு.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஒழுங்கையின் கடைசி வளவு. பூவரச வேலி, தகரப் படலை. முற்றத்துப் பாயில் ஒடியல் காய்ந்துகொண்டிருந்தது. பழைய இடாப்பில் அந்த வீட்டில் மூன்று பெயர். தகப்பன் அந்த வருடம் தை மாதம் காலமாகிவிட்டார். அம்மா இருக்கிறா. மூன்றாவது பெயர் மகனுடையது.

"மகன் இப்ப எங்கை அம்மா?"

"கனடாவிலை."

"எப்ப போனவர்?"

"போன ஆவணி."

நான் பேனையை எடுத்தேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டா. "வெட்டாதேங்கோ பிள்ளை. வந்திடுவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன். பேர் மட்டுமெண்டாலும் இந்த வீட்டிலை கிடக்கட்டும்."

வெளிநாட்டில் இருப்பவர் அங்கிருந்து வாக்களிக்க இலங்கையில் வழியில்லை, ஊரில் வசிக்காதவரின் பெயரை வைத்திருக்கவும் முடியாது என்று விளங்கப்படுத்தினேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. அதைக் குடித்துவிட்டு, அவ பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். அந்தப் பிள்ளைக்கு முதன்முதலாக வதிவிடச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவளும் நான்தான்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வருடமும் இப்படி வெட்டுப்படுகிறது. பாராளுமன்ற ஆசனங்கள் பதிவு செய்த வாக்காளர் தொகையைப் பார்த்துப் பங்கிடப்படுகின்றன. 2010இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனம் இருந்தது. 2015இல் 7 ஆனது, 2024இல் 6. யாரும் எங்களிடமிருந்து அவற்றைப் பறித்துக்கொண்டு போகவில்லை. என் பேனையும் என்னோடு வேலை செய்தவர்களின் பேனைகளும் வருடம் வருடமாக வெட்டிய வெட்டு அது. நீங்கள் இப்போது பயந்து பயந்து எண்ணிக்கொண்டிருக்கும் பல்கலைக்கழக அனுமதியிலும் மாவட்ட ஒதுக்கீடு சனத்தொகையைப் பார்த்துத்தான் வருகிறது. இன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தின் எல்லைக்குள் 1981இல் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012 கணக்கெடுப்பில் 5 லட்சத்து 83 ஆயிரம்.

உங்கள் பெயர் இடாப்பில் முதன்முதலாக ஏறுகிற வயது இது. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

ஒரு உண்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். என் தலைமுறை உங்களுக்கு முன்னிருந்த பிள்ளைகளை மண்ணுக்காகச் சாக அனுப்பியது. உங்களை மண்ணைவிட்டுத் தப்பிப் போகச் சொல்கிறது. இந்த மண்ணில் இருந்து சீவிப்பது எப்படி என்று இரண்டு கூட்டத்துக்கும் நாங்கள் சொல்லித்தரவில்லை. எங்களுக்கே தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆகவே உங்களுக்கு நாட்டுப்பற்று இல்லை, ரிக்ரொக்கில் கிடக்கிறீர்கள் என்று மேடையில் ஏறித் திட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

நாட்டுப்பற்று என்ற சொல்லே எங்கள் ஊரில் லேசான சொல் இல்லை. பெப்ரவரி 4 வந்தால் அரச அலுவலகத்தில் கொடியேற்றுவோம். அதே நாளில் தெருவில் கறுப்புக் கொடி பறக்கும். 1949க்குப் பிறகு 2016 சுதந்திர தின விழாவில்தான் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். அன்றைக்கு என் அலுவலகத்தில் ஒரு வயதான எழுதுவினைஞர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். 2020இல் அதையும் நிற்பாட்டிவிட்டார்கள். என் மொழியில் ஒருமுறை பாடவிட்டுப் பிறகு நிற்பாட்டுகிற ஒரு விழாவைக் காட்டி, இதை நேசி என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் நேசிக்க இங்கே ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்கமாட்டேன். எனக்கு நாடு என்றால் என் பிரிவின் இடாப்பு. அதில் இருந்த அத்தனை வீடுகள், அவர்களுடைய கிணறுகள், அவர்களுக்குப் பொதுவான ஒரு குளம், ஒரு மயானம், ஒரு வாசிகசாலை. இவற்றை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியைத்தான் முப்பது வருடமும் சுமந்தேன். கொடியைப் பற்றி வாதாட நிறையப் பேர் வருவார்கள். குளத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி பற்றி வீட்டில் கேட்டிருப்பீர்கள். வலிகாமத்தைவிட்டு உடனே வெளியேறச் சொல்லிப் புலிகளின் ஒலிபெருக்கி வாகனங்கள் வந்தன. ஒரே இரவில் லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மழை. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா நகையையும் உடுப்பையும் எடுக்கச் சொன்னா. நான் இடாப்பையும் காணிக் குறிப்புகளையும் பொலித்தீனில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்துச் சைக்கிள் கரியரில் கட்டினேன். சைக்கிளை உருட்டத்தான் முடிந்தது, ஏறி ஓட இடமில்லை. விடியும்வரை ஒரு கை ஹாண்டிலில், ஒரு கை பெட்டியில். அம்மா கனகாலம் என்னைப் பேசினா. ஆனால் தென்மராட்சியில் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியபோது, எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் அந்தப் பெட்டியைத்தான் திறந்தோம். 1996 சித்திரைக்குப் பிறகு சனம் திரும்பி வந்தபோதும் அதே பெட்டி. வீடு உடைந்து கிடந்தது, கூரை இல்லை, ஆனால் இது இவருடைய வீடு என்று சொல்ல ஒரு தாள் இருந்தது.

தாளின் பெறுமதியை இந்த ஊருக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதைப் பற்றி அழுது கவிதை எழுதியவர்கள் ஆயிரம் பேர். 2005இல் சில இளம் ஆட்கள் அழுததோடு நிற்காமல், கையில் கிடைத்த ஈழத்து நூல்களை ஒவ்வொன்றாக மின்வடிவமாக்கி நூலகம் என்ற பெயரில் இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். இன்று உங்கள் தாத்தா படித்த பாடசாலை மலரையும் அங்கே போய்ப் படிக்கலாம். அதைத் தொடங்கியவர்களிடம் பெரிய காசு இருக்கவில்லை.

காணியையும் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே இந்த ஊரில் தோம்பு என்று ஒரு பதிவு இருந்தது. எங்கள் சொத்து வழக்கங்களைச் சொல்லும் தேசவழமைச் சட்டத்தை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுத்து எழுதினார்கள். காணி எழுத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் முப்பாட்டன்மாருக்கு நன்றாகத் தெரியும். இப்போது என்ன நடக்கிறது? 2025 மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகிவிடும் என்றது. சனம் ஓடுப்பட்டுத் திரிந்தது. உறுதி எங்கே என்று தேடினால் ஒன்று இடப்பெயர்வில் தொலைந்திருக்கும், அல்லது தாத்தாவின் பெயரிலேயே கிடக்கும், அல்லது அற்றோணித் தத்துவம் வாங்கியவர் ஊரில் இல்லை. அந்த வைகாசியில் என் வீட்டு விறாந்தையில் ஒவ்வொரு நாளும் ஆட்கள் வந்து இருந்தார்கள், நான் ஓய்வுபெற்றவள் என்று தெரிந்தும். உயர் நீதிமன்றம் ஆனியில் இடைக்காலத் தடை போட்டது. பிறகு அரசாங்கமே வர்த்தமானியை மீளப் பெற்றது. இந்த முறை தப்பினோம். ஆனால் வந்தவர்களில் இருபது வயதுப் பிள்ளை ஒன்றையும் நான் காணவில்லை. தங்கள் வளவின் உறுதியில் யாருடைய பெயர் இருக்கிறது, எத்தனை பரப்பு, பாதை எந்தப் பக்கம் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தாய்மண் என்று பாட்டுக்குப் பாட்டு வருகிறது. அந்த மண்ணின் உறுதி அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியாது.

சரி, இளம் ஆட்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

2024 நவம்பர் கடைசியில் பெய்த மழை நினைவிருக்கும். எங்கள் பக்கத்தில் மூன்று ஒழுங்கைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. அதே நேரம், நானூறு யார் தள்ளியிருக்கிற எங்கள் குளம் பாதிதான் நிரம்பியிருந்தது. வீடுகளுக்குள் தண்ணீர், குளத்துக்குள் இல்லை. ஊரில் எல்லாரும் பிரதேச சபையைப் பேசினார்கள், கடவுளைப் பேசினார்கள். முகாமிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய இரண்டாம் நாள், பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை ஒன்று என்னிடம் வந்தது. அந்த வருடம்தான் உயர்தரம் எழுதிக்கொண்டிருந்தவள், மழையால் பரீட்சை இடையில் தள்ளிப்போயிருந்தது. காலில் சேற்றுப் புண். கையில் போன்.

"அன்ரி, இந்தக் குளத்துக்கு முந்தித் தண்ணி எதாலை வந்தது?"

முப்பது வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நான் பழைய நில அளவைப் படத்தின் பிரதியை எடுத்து விரித்தேன். தெற்கிலிருந்து ஒரு வாய்க்கால், ஆறடி அகலம், இரண்டு வளவுகளுக்கு நடுவால் வந்து குளத்தில் விழுகிறது. அவள் போனில் வரைபடத்தைப் பெருப்பித்து, தாளுக்குப் பக்கத்தில் வைத்து, வாய்க்கால் போகிற கோட்டை விரலால் இழுத்துக்கொண்டு போனாள். கோடு ஒரு மதிலில் போய் முட்டியது.

அடுத்த ஞாயிறு ஆறு பேர் வந்தார்கள். ஒரு தச்சுத் தொழிலாளியின் மகன் அளவு நாடா கொண்டுவந்தான். சேற்றுக்குள் இறங்கி, கம்பு குத்திக் குத்தி, எங்கே பழைய வாய்க்கால் கல் தட்டுப்படுகிறது என்று பார்த்தார்கள். மூன்று இடத்தில் தட்டுப்பட்டது. ஒரு இடத்தில் குப்பையால் மூடியிருந்தது, ஒரு இடத்தில் வாழை வைத்திருந்தார்கள், மற்றது அந்த மதில். வளவுக்காரர் கனடாவில், ஸ்காபுறோவில் இருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. ஊருக்கு ஆசையாய் மதில் கட்ட அனுப்பிய காசு அது, வாய்க்காலை மேசன்மார் கவனிக்கவில்லை. பிள்ளைகள் வட்ஸ்அப்பில் அவரை எடுத்து, மதிலையும் காட்டி, படத்தையும் காட்டி, தண்ணீர் நின்ற வீடுகளையும் காட்டினார்கள். அவர் முதலில் கோபப்பட்டார். பிறகு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். "அது நாங்கள் சின்னனிலை கடதாசிக் கப்பல் விட்ட வாய்க்கால் எல்லோ," என்றார். மதிலின் அடியில் இரண்டு துவாரம் வைக்க அவரே காசு அனுப்பினார். பிரதேச சபைக்கு அந்தப் பிள்ளை எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம், படமும் அளவும் இணைத்து. அப்படியொரு கடிதத்தை என் சேவைக்காலத்தில் நான் எழுதியதில்லை.

அடுத்த மாரியில் குளம் தளும்பியது. தை கடைசியில் அதற்குப் பக்கத்து ஐந்து கிணறுகளின் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். மூன்றில் சவர் குறைந்திருந்தது.

இது சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிறது. எங்களுக்குத் தண்ணீர் என்றால், ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிற ஒரு நல்ல தண்ணீர்ப் படை. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. முழுக் குடாநாடும் அப்படித்தான் இருக்கிறது. குளத்தைத் தூர்த்து, வாய்க்காலை மறித்து, மோட்டரை இரவும் பகலும் போட்டு இறைத்தால் உப்பு மேலே ஏறும். உரமும் மலக்குழியும் சேர்ந்து நைத்திரேற்று ஏறும். 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள், நல்லது. ஆனால் தோட்டத்துக்கு வெங்காயம் போடக் கடல்நீரைச் சுத்திகரிக்க முடியாது. போர் எங்களிடமிருந்து எடுத்துப் போகாத ஒன்று இந்தத் தண்ணீர். அதை நாங்களே அழித்துக்கொண்டிருக்கிறோம். வேதியியலும் உயிரியலும் படித்த பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். சொந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

இளம் ஆட்கள் இந்த ஊரை மாற்றியது இது முதல் தடவை இல்லை. நூறு வருடத்துக்கு முன், 1924இல், இங்கே மாணவர் காங்கிரஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். பிறகு அதுதான் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான ஹண்டி பேரின்பநாயகத்துக்கு அப்போது இருபத்தைந்து வயதுதான். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். 1931இல் முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்று தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். வடக்கின் நாலு தொகுதி 1934வரை வெறுமையாய்க் கிடந்தது. பகிஷ்கரித்தது சரியா பிழையா என்று இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு அது பிழையாகவே படுகிறது. மேசையில் எங்கள் கதிரை காலியாய் இருந்த ஒவ்வொரு தடவையும் நாங்கள்தான் இழந்தோம். ஆனால் அவர்கள் செய்த இன்னொன்றை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வகுப்பில் நிலத்தில் இருத்திய ஊர் இது. அந்தப் பிள்ளைகளும் வாங்கிலில் சமமாக இருக்க வேண்டும் என்று சமாசனத்துக்காக அந்த இளைஞர்கள் சொந்தச் சொந்தக்காரரோடு சண்டை பிடித்தார்கள். சமாசனம் வந்தபோது பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தவர்களும் இதே ஊர்க்காரர்தான். வெள்ளைக்காரனிடம் சுயராச்சியம் கேட்பதைவிட, பெரியப்பாவிடம் வாங்கில் கேட்பதற்குத் துணிவு கூட வேண்டும். அந்த வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில் ஒரு பின்னேரம் இருந்து பாருங்கள்.

இன்னொரு கடனும் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இல்லை. மாவட்டச் செயலகமான கச்சேரியில் பழைய இடாப்புகளைப் புரட்டும்போது சோனகத் தெருப் பக்கத்துப் பக்கங்கள் வரும். பக்கம் பக்கமாக முஸ்லிம் பெயர்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி புலிகள் அவர்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். நகையையும் காசையும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் போனார்கள். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. நாங்கள் பயந்தோம் என்று சொல்லலாம், அதுவும் உண்மை. ஆனால் பயம் தெளிந்த பிறகும் கனபேர் வாய் திறக்கவில்லை. சரியாக ஐந்து வருடம் கழித்து அதே திகதியில் எங்களுக்குப் பெட்டி கட்டச் சொன்னார்கள். நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நடக்கும்போது எனக்கு அந்தச் சனத்தின் நினைவு வந்தது. தாய்நாட்டை நேசிக்கிறேன் என்று சொல்கிற பிள்ளை, அந்த நாட்டிலிருந்து யாரை யார் துரத்தினார்கள் என்பதையும் முழுக்கத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து சோனகத் தெருவில் இருப்பவர்களோடு போய்ப் பழகுங்கள்.

அதே நேர்மையோடுதான் எங்களுக்கு நடந்ததையும் பேச வேண்டும். 1996இல் உங்களைப் போல உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்குப் போன கிருசாந்தியைச் செம்மணி இராணுவக் காவலரணில் மறித்துக் கொன்றார்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்ற ஒரு சிப்பாய் 1998இல் நீதிமன்றத்தில் சொன்ன பிறகுதான் செம்மணிப் புதைகுழிகள் வெளியே வந்தன. 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள். 2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்கு நிலம் வெட்டியபோது மறுபடியும் எலும்பு வந்தது. தோண்டத் தோண்ட 200க்கு மேல் வந்தன. ஒரு சின்னப் பிள்ளையின் பாடசாலைப் பையும் வந்தது. என் பிரிவில் ஒரு அம்மா ஒவ்வொரு வருடமும் பி.சி. படிவத்தில் தன் மகனின் பெயரைத் தானே எழுதித் தருவா. மரணச் சான்றிதழும் வேண்டாம், காணாமற்போனதற்கான சான்றிதழும் வேண்டாம் என்பா. அந்தப் பெயரை நான் என்ன செய்தேன் என்று இங்கே எழுதமாட்டேன். அவவுக்கு இப்போது எழுபத்தெட்டு. மகனின் உயரம், எந்தப் பல் உடைந்திருந்தது, என்ன நிறச் சேட் போட்டிருந்தான் என்பதெல்லாம் அவவின் வாயில்தான் இருக்கிறது. உங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒரு அம்மா இருப்பா. போய் இருந்து, கேட்டு, திகதியோடு எழுதி வையுங்கள்.

தெற்கைப் பற்றி ஒரே ஒரு சொல். 2022இல் அரசாங்கத்துக்கு எதிராகக் கொழும்பு காலிமுகத்திடலில் கூடியவர்களும் உங்கள் வயதுக்காரர்தான். அந்த வருடம் மே 18 அன்று அங்கே முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்துக் கஞ்சி பகிர்ந்தார்கள். எல்லாச் சிங்களப் பிள்ளைகளும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படியும் இருக்கிறார்கள். அவர்களோடு அவர்கள் மொழியில் பேசத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் எங்களுக்கு வேண்டும். என் சிங்களம் படிவம் நிரப்புகிற அளவுக்குத்தான் இருந்தது. பல கூட்டங்களில் எனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்ல வார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு வந்திருக்கிறேன்.

வெளிநாடு போகிறவர்களைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்பீர்கள். போகிறவர் துரோகி இல்லை. கடனில் மூழ்கிய வீட்டைத் தூக்கி நிறுத்தப் போகிற பிள்ளையை ஊர்ப்பற்றைச் சொல்லி மறிக்க எனக்கு உரிமையில்லை. என் சொந்தத் தம்பி போனான். அவன் அனுப்பிய காசில்தான் அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நடந்தது. படிக்கப் போங்கள், வேலைக்குப் போங்கள், நேர்வழியால் போங்கள். 2022 நவம்பரில் இலங்கையர் 303 பேரோடு ஒரு கப்பல் நடுக்கடலில் தத்தளித்து, கடைசியில் வியட்நாமில் கொண்டுபோய் இறக்கினார்கள். அப்படிப்பட்ட பயணத்துக்குக் காணியை ஈடு வைக்காதீர்கள். ஏஜென்சிக்காரன் காட்டும் படத்தை நம்பி உறுதியைக் கொடுக்காதீர்கள். போனால் கிணறு இருக்கிற வளவை விற்காதீர்கள். மதில் கட்டக் காசு அனுப்பினால் வாய்க்கால் எங்கே போகிறது என்று ஒரு தரம் கேளுங்கள். அந்த ஸ்காபுறோக்காரர் மாதிரி, ஊரிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தால் பொறுமையாகக் கேளுங்கள்.

இருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் நான் கூடச் சொல்ல வேண்டும். இங்கே இருப்பதைத் தோல்வியாக நினைக்கும்படி நாங்கள் உங்களை வளர்த்துவிட்டோம். விசா வந்தவனுக்குக் கோயிலில் அருச்சனை. ஊரில் வேலை எடுத்தவனிடம் 'ஏன் இன்னும் போகேல்லை' என்ற கேள்வி. அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வடமாகாண சபைக்கு 2013இல் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் மாகாணத்துக்கு நாங்கள் தெரிவுசெய்த ஒரு சபை இல்லை. உங்கள் பாடசாலையையும் ஆஸ்பத்திரியையும் வீதியையும் பார்க்க வேண்டிய சபை அது. உங்களில் ஒருவரும் அதற்கு இதுவரை வாக்குப் போட்டதில்லை. ஏன் என்று வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் பதில் வரும்வரை எழும்ப விடாதீர்கள்.

எங்கள் சனசமூக நிலையத்து வாசிகசாலைத் திறப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. பேப்பர் பார்க்க வருகிறவர்கள் ஐந்தாறு பேர், எல்லாரும் எழுபது தாண்டியவர்கள். வாற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குத் திறந்து வைப்பேன். அந்த வாய்க்கால் பிள்ளை இப்போது பல்கலைக்கழகத்தில், அவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் பிரிவுப் பிள்ளைகள் உங்கள் வீட்டு உறுதியின் பிரதி இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் தாத்தாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தலில் கொண்டு வாருங்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் உங்கள் ஊர் வாசிகசாலைத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். நிலையத்து அளவு நாடா துருப்பிடித்துவிட்டது. யாராவது ஒருவர் நூறடி நாடா ஒன்று கொண்டு வந்தால் நல்லது, வடக்குப் பக்கத்து வாய்க்காலை இன்னும் அளக்கவில்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கிராம அலுவலர் ஒருத்தி,
வலிகாமம், யாழ்ப்பாணம்